தனி நடுவமா, கூட்டு முயற்சியா? ஒரு கோயில் இளைஞர் பிரிவுக்கு விரிவான பதில்

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஒரு கோயிலின் இளைஞர் பிரிவில் இருக்கிறோம். மாற்றுத் திறனாளிகளுக்காக ஒரு பகல்நேர நடுவம் தொடங்கலாம் என்று செயலவையில் பேச்சு நடக்கிறது. 30,000 ரிங்கிட் வரை திரட்டிவிடலாம். தனியாகத் தொடங்குவது நல்லதா? ஏற்கெனவே இருக்கும் அமைப்புகளோடு சேர்வது நல்லதா? சேர்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம் தம்பி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்ந்தே செய்யுங்கள். நடுவம் கட்டும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள். பினாங்குத் தீவில் ஒரு பகல்நேர நடுவத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவள் நான். இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2025-இலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இரண்டு பேரை வேலைக்கு வைத்தால் சம்பளம் மட்டும் மாதம் 3,400. சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, வாடகை, மின்சாரம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு என்று கூட்டிப் பாருங்கள், உங்கள் 30,000 ஆறு மாதம் தாங்கினால் பெரிது. அதற்கு முன்னால் 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு நிலையங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தீயணைப்பு இலாகா, நகராண்மை, சுகாதார இலாகா என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். ஏழாவது மாதம் பணம் தீர்ந்து கதவு மூடினால் யாருக்கு நஷ்டம்? ஓர் ஆசிரியையின் முகம் பழகுவதற்கே மூன்று மாதம் எடுத்துக்கொண்ட பிள்ளைக்குத்தான். அப்படி மூடிய ஓர் இடத்திலிருந்து எங்களிடம் வந்த ஒரு சிறுமி, முதல் நான்கு வாரமும் செருப்பைக் கழற்றவே விடவில்லை. கழற்றினால் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் அவளுக்கு.

பினாங்கில் இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கோலஸ் இல்லம் 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு இங்கே இடம் மாறியது. தஞ்சோங் பூங்காவில் இருக்கும் காது கேளாதோருக்கான பள்ளி 1954-இல் தொடங்கியது. பாலேக் பூலாவில் ஆசியா கம்யூனிட்டி சர்விஸ் நடத்தும் ஸ்டெப்பிங் ஸ்டோனில் கற்றல் குறைபாடுள்ள பெரியவர்கள் நெசவும் கைவினையும் செய்து சம்பாதிக்கிறார்கள். இவை போக, சமூக நல இலாகாவின் ஆதரவில் இயங்கும் பிடிகே நடுவங்கள், அதாவது ஊர்மக்களோடு சேர்ந்து நடக்கும் மறுவாழ்வு நடுவங்கள், இருக்கின்றன. 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் ஒன்றாகத் தொடங்கியவை இன்று நாடு முழுக்க 500-க்கும் மேல். இவர்களோடு போட்டிக்கு இன்னொரு நடுவம் தேவையில்லை. இவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அது எது என்பதைத்தான் இந்தப் பதிலில் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் நடுவத்துக்குப் பதினோரு ஆண்டு வந்த ஒரு தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். மேசை துடைப்பான், தட்டு அடுக்குவான், இருபது வரை எண்ணுவான், கூட ஆள் இருந்தால் பேருந்திலும் போவான். எங்களுக்கெல்லாம் அவனைப் பற்றிப் பெருமை. ஒருநாள் அவன் அம்மா சொன்னார்: "டீச்சர், திங்களிலிருந்து வெள்ளி வரைக்கும் அவனுக்கு ஆளுங்க இருக்காங்க. சனி ஞாயிறு அவன் பேர் தெரிஞ்சவங்க எங்க தாமான்ல ஒருத்தர்கூட இல்ல." வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு கோயில். கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துத்தான் அவனை அங்கே அழைத்துப் போவாராம். பதினோரு ஆண்டு நாங்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் எங்கள் நான்கு சுவருக்குள்ளேயே நின்றுபோனது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தக் கோயிலின் அன்னதானக் குழுவிடம் போய்ப் பேசினோம். எங்கள் ஆசிரியை ஒருவர் இரண்டு ஞாயிறு கூடவே போனார். இலை போடுவதைப் படிப்படியாகப் படம் எடுத்து, ஐந்து அட்டையாக்கி, அவன் கழுத்தில் தொங்கவிட்டார். முதல் வாரம் இலையைத் தலைகீழாகப் போட்டான். யாரோ ஒரு பாட்டி எழுந்து வந்து திருப்பிக் காட்டினார். நான்காவது மாதம் அட்டை இல்லாமலே போட்டான். ஒரு ஞாயிறு காய்ச்சலால் வரவில்லை. "எங்கே அவன்?" என்று மூன்று பேர் அவன் வீட்டுக்குத் தொலைபேசி போட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவன் அம்மா அழுதார்.

இதை எங்கள் நடுவம் தனியாகச் செய்திருக்க முடியாது. கோயிலும் தனியாகச் செய்திருக்க முடியாது. வேலை தெரிந்த ஆள் எங்களிடம் இருந்தார், அவன் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர் கோயிலிடம் இருந்தது. அவன் விஷயத்தில் இரண்டும் சேர ஐந்து அட்டையும் இரண்டு ஞாயிறுமே போதுமாக இருந்தது.

ஆகவே, "எவ்வளவு பணம் தரலாம்" என்று யோசிப்பதற்கு முன், "எங்களிடம் என்ன இடம் இருக்கிறது" என்று பட்டியல் போடுங்கள். தேவார வகுப்பு, உறுமி மேளக் குழு, பூ கட்டும் பெண்கள், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், பூப்பந்துக் குழு, உறுப்பினர்கள் நடத்தும் கடைகள். இவை ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறது. பிறகு அருகிலுள்ள நடுவத்துக்குப் போய், "உங்களிடம் வருபவர்களில் எங்கள் வட்டாரத்தில் இருப்பவர்கள் யார்? அவர்களுக்கு எதில் விருப்பம்?" என்று கேளுங்கள். பத்துப் பேரை ஒரே நாளில் அழைத்து விருந்து வைப்பதைவிட, ஒரே ஒருவர் ஆண்டு முழுக்க உங்கள் உறுமிக் குழுவில் இருப்பது மேல் என்று நான் நம்புகிறேன்.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு வேலையும் இருக்கிறது. வேறு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்குள்ள பெரும்பாலான நடுவங்களில் மலாய், ஆங்கிலம், சீனம்தான் பேச்சு. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை அங்கே போனதும், குறைபாட்டோடு புரியாத மொழியும் சேர்ந்துகொள்கிறது. "தண்ணீர்" என்றால் தெரியும், அதையே மலாயில் "ஆயர்" என்றால் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள். தமிழ் தெரிந்த ஒரு தொண்டர் வாரம் ஒரு காலை போய் உட்கார்ந்தால் போதும், அந்தப் பிள்ளைக்கு உண்மையில் என்ன தெரியும் என்பது வெளியே வரும். பட அட்டைகளில் தமிழையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். வீட்டில் பாட்டியும் அதே அட்டையைப் பயன்படுத்துவார்.

காது கேளாத தமிழர்களின் நிலை இன்னும் கடினம். தஞ்சோங் பூங்கா பள்ளி தொடங்கிய காலத்தில் வகுப்பில் சைகைக்கு இடமில்லை, உதட்டசைவைப் பார்த்துப் பேசத்தான் பழக்கினார்கள். வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் தங்களுக்குள் உருவாக்கிக்கொண்ட சைகைதான் பினாங்கு சைகை மொழி. பிறகு மலேசிய சைகை மொழி, அதாவது பிஐஎம், நாடு முழுக்கப் பரவியது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. இப்போது ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மகள் பள்ளியில் மலாய் எழுத்தும் பிஐஎம்மும் கற்கிறாள். அப்பாவுக்குத் தமிழ் தெரியும், சமாளிக்கும் அளவுக்கு மலாய் தெரியும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தும் தாயும் மகளும் மனம்விட்டுப் பேசிக்கொள்ள ஒரு மொழி இல்லை. அவள் தமிழ் படித்ததில்லை, அதனால் கோயில் அறிக்கை அவளுக்கு வெறும் கோடுகள். சொற்பொழிவும் அப்படியே. திருமணத்தில் என்ன மந்திரம், ஏன் அம்மி மிதிக்கிறார்கள் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சொந்தச் சடங்குகளுக்கு நடுவில் விருந்தாளியாக வளர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் பிஐஎம் வகுப்பு வையுங்கள். காது கேளாதோர் சங்கத்திடம் பேசி, காது கேளாத ஒருவரையே ஆசிரியராக அழையுங்கள், சம்பளம் கொடுத்து. பெற்றோர், அண்ணன் தங்கை, அத்தை மாமா எல்லாரும் வரட்டும். 30,000 ரிங்கிட் என்றீர்களே, அதில் ஒரு சிறு பங்கு போதும் இதற்கு. நடுவம் கட்டுவதைவிட இது அதிகம் செய்யும்.

பார்வையற்றவர்கள் விஷயத்தில் செலவே இல்லாமல் ஒன்று செய்யலாம். திருவிழா அறிவிப்பை வாட்ஸ்அப்பில் படமாக மட்டும் அனுப்பாதீர்கள், எழுத்தாகவும் தட்டச்சு செய்து அனுப்புங்கள். அவர்களின் தொலைபேசி எழுத்தைத் தமிழிலேயே படித்துக் காட்டும், படத்தில் உள்ள அழகான எழுத்தை நம்பி இருக்க முடியாது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கியது. அதைச் சுற்றி வெள்ளைக் கோலோடு நடப்பவர்களுக்கு வழிவிட்டும் கைகொடுத்தும் பழகிய ஒரு தமிழ் வட்டாரமே அங்கே இருக்கிறது. பட்டர்வொர்த்தில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

அடுத்து பிடிகே. ஒவ்வொரு பிடிகே நடுவத்தையும் உள்ளூர் மக்களும் பெற்றோரும் அடங்கிய ஒரு குழுதான் நிர்வகிக்கிறது. அந்தக் குழுக்களில் நம்மவர்கள் மிகக் குறைவாக இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். யாரும் நம்மைத் தடுக்கவில்லை, நாம் போய்க் கேட்கவில்லை. உங்கள் வட்டாரத்து பிடிகேயில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால், அவர்களின் பெற்றோரில் ஒருவர் குழுவில் வருவதற்குத் துணையாக நில்லுங்கள். அந்த அம்மா கூட்டத்துக்குப் போகும்போது மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், போய்வர வண்டி, வந்த கடிதத்தைப் படித்து விளக்க ஒருவர். பெற்றோர் பின்வாங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஓகேயூ அட்டையும், அதாவது அரசு தரும் மாற்றுத் திறனாளி அட்டையும், அப்படித்தான். பதிவு கட்டாயமில்லை என்பதால் நம் குடும்பங்கள் பல எடுக்காமலே இருக்கின்றன. சிலருக்கு வெட்கம், சிலருக்குப் பெண் பிள்ளையின் திருமணம் தடைபடும் என்ற பயம், பலருக்கு எந்த வாசலுக்குப் போவது என்றே தெரியாது. மருத்துவர் பாரத்தில் உறுதி செய்ய வேண்டும், பிறகு சமூக நல இலாகா பதிவு செய்யும். அவ்வளவுதான். வெட்கமும் பயமும் உள்ள வீட்டுக்குள் வெளி அமைப்பின் ஊழியரால் நுழைய முடியாது. கோயில் திருவிழாவில் பார்த்துப் பழகிய அக்கா நுழையலாம். ஆனால் அட்டை எடுக்கும்படி யாரையும் நெருக்காதீர்கள். எடுத்தால் என்ன கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

வேலை வாய்ப்பு பற்றி உங்கள் உறுப்பினர்களில் கடை வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவும் நம் சமூக நல இலாகாவும் சேர்ந்து 2000-களில் இங்கே ஜாப் கோச் முறையைக் கொண்டு வந்தன. வேலைக்கு வருபவரோடு ஜாப் கோச்சும் அந்தக் கடைக்கே வருவார். அங்குள்ள வேலையைச் சிறு சிறு துண்டாகப் பிரித்துப் பழக்குவார், கடைக்காரர்களையும் பழக்குவார், பிறகு மெல்ல விலகிவிடுவார். மாற்றுத் திறனாளிக்குத் தரும் சம்பளத்துக்கு முதலாளி வருமான வரியில் இரட்டைக் கழிவு கேட்கலாம். ஆனால் வரிக் கழிவுக்காக வேலை கொடுத்தவர் யாரும் நிலைத்ததை நான் பார்த்ததில்லை. காலை ஆறு மணிக்குக் கடை திறக்க ஆள் கிடைக்காமல் தவித்தவர்தான் நிலைத்தார். உண்மையில் ஆள் தேவைப்படும் கடையாகப் பாருங்கள்.

இனி, யார் முடிவெடுப்பது என்ற கேள்வி. கூட்டு முயற்சிகள் இதில்தான் உடைகின்றன. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. ஒப்பந்தத்தை மலேசியா 2010-இல் ஏற்றது. அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களையும் அவர்களின் அமைப்புகளையும் கலந்து பேச வேண்டும் என்று அதன் நான்காவது பிரிவு சொல்கிறது. இங்கே "அமைப்பு" என்பதில் ஒரு வேறுபாடு உண்டு. சில அமைப்புகள் மாற்றுத் திறனாளிகளுக்காக மற்றவர்கள் நடத்துபவை. சில, மாற்றுத் திறனாளிகளே நடத்துபவை. கற்றல் குறைபாடுள்ளவர்கள் தாங்களே பொறுப்பேற்று நடத்தும் யுனைட்டெட் வாய்ஸ் 2005-இல் பதிவு பெற்றது. நாடாளுமன்ற மேலவையில் மாற்றுத் திறனாளிகளின் குரலாக இருந்த பத்மாவதி கிருஷ்ணன் சக்கர நாற்காலியில் இயங்குபவர். நீங்கள் கைகோக்கும் அமைப்புகளில் இரண்டாம் வகையில் ஒன்றாவது இருக்கட்டும்.

அவர்கள் திரண்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நம் 2008 சட்டத்தில் மீறினால் தண்டனை என்று எதுவும் இல்லை. அரசுமீது வழக்குப் போடுவதற்கும் அதுவே தடை வைத்திருக்கிறது. ஆக, சட்டப் புத்தகத்தைக் காட்டி யாரையும் அசைப்பது கடினம். ஆனால் சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டே, 2007-இல், பல அமைப்புகள் தடையற்ற சூழலும் போக்குவரத்தும் கேட்கும் பீட் என்ற கூட்டணியாகச் சேர்ந்து சிப்பாங் மலிவுக் கட்டண விமான முனையத்தில் சக்கர நாற்காலிகளோடு போய் நின்றன. விமானத்தில் ஏற்றி இறக்கும் வசதி அதன் பிறகு வந்தது. தனித்தனியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

ஒப்பந்தம் என்று ஒன்று எழுதுங்கள். வழக்கறிஞர் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். யார் வண்டி கொடுப்பது, பெட்ரோல் யார் பொறுப்பு, தொண்டர் வராத நாளில் யாருக்குச் சொல்வது, பணம் யார் கணக்கில் வருவது, பிள்ளைகளோடு தனியாக யார் இருக்கலாம், எப்போது பிரிந்துகொள்ளலாம், பிரிந்தால் அந்தத் தம்பி கோயிலுக்கு வருவது நிற்குமா தொடருமா. கடைசிக் கேள்விக்குத் "தொடரும்" என்று எழுதிவிட்டுத்தான் மற்றவற்றைப் பேச வேண்டும். படம் எடுப்பதைப் பற்றியும் எழுதுங்கள். பெற்றோரிடம் மட்டும் கேட்டால் போதாது, படத்தில் இருக்கப் போகிறவரிடமும் கேளுங்கள். "வேண்டாம்" என்று தலையாட்டத் தெரிந்தவர்களிடம்கூட நாம் கேட்பதில்லை.

ஒருமுறை ஒரு நிறுவனம் எங்களுக்குப் பன்னிரண்டு சக்கர நாற்காலி கொண்டு வந்தது. மாதிரிக் காசோலை, மாலை, செய்தியாளர் எல்லாம் வந்தார்கள். பன்னிரண்டும் பெரியவர்களுக்கான ஒரே அளவு, எங்களுக்குத் தேவைப்பட்டதோ ஒன்பது பிள்ளைகளுக்கு. பெரிய நாற்காலியில் சிறு பிள்ளையை உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். முதுகெலும்பு வளையும், தோலில் புண் வரும். முன்கூட்டி ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் அளவு சொல்லியிருப்போம். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. தீபாவளி அன்பளிப்புப் பைகளும் அப்படியே. அந்த ஒரு வாரம் எல்லா நடுவங்களிலும் முறுக்கு நிறைந்து கிடக்கும், பிப்ரவரியில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் பிப்ரவரியில் வாருங்கள்.

கட்டடத்தைப் பற்றி ஒரே வார்த்தை. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவதற்கு 513 படி, பத்துமலைக்கு 272. மலைக்கோயிலை மாற்ற உங்களால் முடியாது. உங்கள் கோயில் வாசலில் இருக்கும் இரண்டு படியை மாற்ற முடியும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சரிவுப் பாதை போடுங்கள். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தள்ளுபவரும் வழுக்குவார். "நாங்கள் தூக்கிக்கொண்டு போகிறோம், அதிலென்ன" என்று அன்போடு சொல்வார்கள். வளர்ந்த ஒருவருக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான்கு பேர் கையில் தூக்கப்பட்டுத்தான் சாமி பார்க்க வேண்டும் என்பது என்ன உணர்வைத் தரும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இந்த மாதமே தொடங்க வேண்டுமானால் முதலில் உங்கள் உறுப்பினர் பட்டியலை எடுத்து, வீட்டில் மாற்றுத் திறனாளி இருக்கும் குடும்பங்கள் எவை என்று மெதுவாக விசாரியுங்கள். உங்களுக்குள்ளேயே நான்கைந்து குடும்பமாவது இருக்கும். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு அருகிலுள்ள பிடிகேக்கும், காது கேளாதோர் சங்கத்துக்கும் ஒரு தொலைபேசி. மூன்று தரப்பையும் ஒரு ஞாயிறு காலை கோயிலில் உட்கார வையுங்கள். கூட்டத்தை மாடி அறையில் வைக்காதீர்கள், கீழே அன்னதானக் கூடத்தில் வையுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்க மாட்டார்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். ஞாயிறு காலை என்றால் முதல் ஃபெரியிலேயே நான் வந்துவிடுவேன். அந்தத் தம்பியையும் அவன் அம்மாவையும் கேட்டுப் பார்க்கிறேன். இலை போடப் போகும் ஞாயிறு இல்லையென்றால் அவனும் வருவான்.